ஒரு சாவி அளவு நிழல்

போன வாரம் என் நெற்றியில் ஒரு சாவி முளைத்தது.

சிரிக்காதீர்கள். வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியின் தலையில் என் முகத்தைப் போட்டே ஆக வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் அடம்பிடித்தார். சரியென்று உத்திரமேரூர் கடைத்தெருவில் தாவீதின் ஸ்டூடியோவுக்குப் போய் உட்கார்ந்தேன். தலை வாரி, பவுடர் பூசி, அவன் சொன்னபடி மூச்சை இழுத்துப் பிடித்து...

படம் வந்தது. முகம் முழுக்க வெள்ளைப் பனி. மார்கழி விடியலில் ஏரிக்கரையில் நிற்கிற ஆள் மாதிரி நான். அந்தப் பனிக்கு நடுவே, நெற்றியில், சாவி வடிவத்தில் ஓர் இடம் மட்டும் பளிச்சென்று தெளிவு. வளையம், தண்டு, பல் — எல்லாம் கச்சிதம். அந்தச் சாவிக்குள் இருந்து என் நெற்றிச் சுருக்கங்கள் என்னையே பார்த்தன.

"இன்னாப்பா இது?"

தாவீது கையைப் பிசைந்தான். "உங்களுக்கு மட்டும் இல்ல சார். ஒரு மாசமா எல்லாப் படத்துலயும் இதே பேஜார்தான். காவாந்தண்டலம் கல்யாணத்துல பொண்ணு கழுத்தாண்ட வந்து குந்திக்கினு கீது. மாப்ள வூட்டுக்காரன் படத்த மூஞ்சில வுட்டெறிஞ்சிட்டு, 'உன் பொட்டில பேய் கீதுடா'ன்னிட்டுப் பூட்டான்."

"கேமராவில் கோளாறா?"

"பிரிச்சு மாட்டிட்டேன். படம் கழுவுற மருந்தையும் மாத்திட்டேன். இப்படியே போனா கடைய மூடிட்டுக் களை பறிக்கப் போவ வேண்டியதுதான்."

"பிலிமை எங்கே வைக்கிறாய்?"

ஸ்டூடியோவுக்குப் பின்னாலேயே வீடு. அழைத்துப் போனான். பக்கத்து வீடும் இதுவும் ஒரு காலத்தில் ஒரே வீடாம். நடுவில் இருந்த வாசலை எப்போதோ அடைத்துவிட்டார்கள். வீட்டிலேயே அங்கேதான் குளுமை. வெயிலில் பிலிம் கெட்டுவிடும் என்று மரப்பெட்டியை அந்த மூலையில் வைத்திருந்தான். பெட்டிக்கும் சுவருக்கும் இடையில், தலையணையைச் சரித்துக்கொண்டு அவன் மனைவி சலோமி. ஆறு மாதக் கர்ப்பிணி.

அவள் இடுப்பில் கறுப்புக் கயிறு. கயிற்றில் ஓர் இரும்புச் சாவி.

சாவியைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். அதே வளையம்... அதே பல்.

"இது எதுக்கும்மா?"

"எங்கம்மா கட்டிவுட்டது சார். மாசமா கீறவ இரும்பு வெச்சிக்கினா காத்து கருப்பு அண்டாதாம்." சிரித்தாள். "பூட்டு எங்கேன்னு கேக்காதீங்க. தோ, வாயத் தொறக்காம நிக்குதே, அதான்!"

தாவீது பூட்டு மாதிரியேதான் நின்றான்.

"மத்தியானம் பெட்டியக் கட்டிக்கினு இங்கயே படுத்துருவேன். எலி கடிச்சிருமோன்னு இவருக்கு பயம்." குரல் தணிந்தது. "ஆனா சார், இந்தச் சொவரு முனவும். காலைல கம்முனு கீது. மத்தியானம் ஆனா... ம்ம்ம்முனு. அப்பால டக்குனு ஒண்ணு. அப்பால கம்முனு பூடும்."

பேய் இல்லை என்று இந்தப் பத்தியிலேயே எத்தனை வாரம் எழுதியிருக்கிறேன்! அந்தத் துணிச்சலில் காதைச் சுவரில் வைத்தேன். சுண்ணாம்பின் ஈரம். பழைய மரத்தின் வாசனை. வேறொன்றும் இல்லை.

முனகியது.

சுவருக்குள் இருந்து ஒரு குரல், நிதானமாக, என்னிடமே சொல்வது போல — "மூச்சை இழுத்துப் பிடி..."

டக்.

அது டாக்டரின் குரல். பக்கத்து வீட்டில் கிளினிக் வைத்திருப்பவர். சலோமியின் கையைப் பிடித்து, "அம்மா, எழுந்திரு. அப்புறம் சொல்கிறேன், முதலில் எழுந்து அந்தப் பக்கம் வா" என்றேன்.

டாக்டர் புதிதாக ஓர் எக்ஸ்ரே மெஷின் வாங்கியிருந்தார். புதிது என்றால் அவருக்குப் புதிது. நோயாளிகளை அந்த அடைத்த வாசலுக்கு எதிரே நிறுத்தித்தான் படம் எடுக்கிறார். தாவீதோடு போய் என் படத்தை அவர் மேஜையில் வைத்தேன். சலோமி எங்கே படுக்கிறாள் என்று சொன்னேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அது சுவர்தானே?"

"பலகை சார்" என்றான் தாவீது. "மேல சுண்ணாம்பு அடிச்சிக்கீது."

"பலகையெல்லாம் இந்தக் கதிருக்கு ஒரு தடையே இல்லப்பா. உடம்பையும் தாண்டிப் போகும். இரும்பு ஓரளவு தடுக்கும். காரீயத் தகடு நல்லாத் தடுக்கும். மெஷின் கொடுத்தவன் போடச் சொன்னான். சுவர் இருக்கேன்னு நான்தான் போடல..."

புரிகிறதா? பலகையைத் தாண்டி, சலோமியைத் தாண்டி, உள்ளே இருக்கும் பிள்ளையையும் தாண்டிப் பெட்டிக்குள் போய், பிலிமைப் பனியாக்கியிருக்கிறது. சத்தம் உண்டு, சூடு இல்லை, வலி இல்லை. வழியில் அதைப் பிடித்து நிறுத்தியது ஒரு சாவி.

அன்று காலைதான் டீக்கடையில் பேப்பர் படித்திருந்தேன். ஆகாயத்தில் மனிதன் பூமியைச் சுற்றுகிறான். காற்று இல்லாத அந்த வெளியில் இப்படிப்பட்ட கதிர்கள் சுற்றிச் சுற்றி அடிக்குமாம். தடுக்கக் காரீயம் உண்டு. ஆனால் அவ்வளவு கனத்தை யார் மேலே தூக்குவது? எடை இல்லாமல், வெயிலுக்கும் குளிருக்கும் வெடித்துப் போகாமல் ஒரு போர்வை வேண்டும் என்று தேடுகிறார்கள். நமக்கென்ன, அது எங்கேயோ இருக்கிறது என்று டீயை உறிஞ்சினேன். எங்கேயோவா? ஒரு பலகைக்கு அந்தப் பக்கம்...

மெஷின் அன்றே நின்றது. சென்னையிலிருந்து காரீயத் தகடு வந்தது. தொட்டுப் பார்த்தேன் — நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. இத்தனை மிருதுவா காவல்காரன்? அந்த வாசலை முழுக்க மூடி அடித்தார்கள்.

பிறகு தாவீது ஒரு காரியம் செய்தான். சாவியை வாங்கி, புதுப் பிலிம் பெட்டியின் மேல் கட்டி, அதே மூலையில் வைத்தான். சலோமி வீட்டு வாசலோடு சரி, உள்ளே வரவில்லை. டாக்டர் மெஷினை மறுபடி ஓட்டி, அன்றைய நோயாளிகளையெல்லாம் படம் எடுத்து முடித்த பிறகு, பிலிமைக் கழுவினான். பனி இல்லை. சாவி இல்லை.

"பேய் பூட்ச்சு சார்!" தாவீது குதித்தான்.

சலோமி குதிக்கவில்லை. பார்க்க வந்திருந்த டாக்டரையே பார்த்தாள். "இன்னிக்கி வரல, சரி. அதுக்கு மின்ன உள்ள பூந்தது?"

டாக்டர் நல்லவர். பொய் சொல்லத் தெரியவில்லை. "ஒண்ணும் இருக்காதுன்னு நம்பறேம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். பிரசவம் வரைக்கும் பார்த்துக்கறேன்" என்றார். நம்பறேன் என்றுதான் சொன்னார்.

அவள் சாவியை எடுத்து மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இனிமேல் அது எதுக்கும்மா? அதான் தகடு வந்துவிட்டதே" என்றேன்.

"தகடு இப்பத்தான சார் வந்துது?" முடிச்சை இறுக்கினாள். "அது வர்ற வரிக்கும் எம் புள்ளைக்கு நெழலு குடுத்தது இது ஒண்ணுதான். சாவி அளவுதான்... ஆனா குடுத்துச்சே."

வேறு படம் எடுத்து அனுப்புங்கள் என்கிறார் ஆசிரியர். முடியாது என்றுவிட்டேன். மேலே பார்த்துக்கொள்ளுங்கள் — என்னில் தெளிவாக இருப்பது அந்த இரும்பு மறைத்த இடம் மட்டும்தான்.