அடையாள அட்டைக்கு எடுத்த படம்

போரின் கடைசி வருடங்களில் நான் மாத்தளையில் சட்டத்தரணியாக இருந்தேன். காணித் தகராறு, கைவிடப்பட்ட மனைவிமாரின் தாபரிப்பு வழக்கு, பொலிஸ் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளுக்குப் பிணை என்று என் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. இணையம் சம்பந்தப்பட்ட முதல் வழக்கை என்னிடம் கொண்டுவந்தவள் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பித்த இளம் ஆசிரியை. தந்தையோடு வந்திருந்தாள். கைபேசியை என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே எடுத்துப் பேசுங்க மிஸ்" என்றாள்.

அது அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். ஓர் ஆண் குரல் சிங்களத்தில், எங்கே சந்திக்கலாம் என்று கேட்டது. வைத்ததும் இன்னொருவன் தமிழில், இன்னும் கேவலமாக, அதையே கேட்டான்.

"ஒரு கெழமையா இப்படித்தாங்க மிஸ். ஒருத்தன்தான் சொன்னான், ஒங்க படம் இன்டர்நெட்ல இருக்குன்னு. நான் கம்பியூட்டர் முன்னால ஒக்காந்ததே இல்லீங்க."

தந்தை எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அவளை மட்டும் இணையக் கடைக்குக் கூட்டிப்போனேன். அழைத்தவன் சொன்ன பக்கத்தைத் தேடி எடுத்தோம். ஆடையில்லாத ஏதோ ஒரு பெண்ணின் உடம்பில் இவளுடைய முகம் ஒட்டப்பட்டிருந்தது. கீழே இவளுடைய தொலைபேசி எண். நான் திரையை மறைக்கப் பார்த்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"மிஸ், இது ஐடென்டிக்கு எடுத்த போட்டோ. பொட்டு இல்ல பாருங்க. நான் பொட்டு இல்லாம எடுத்த படம் இது ஒண்ணுதான்."

"ஏன் பொட்டை எடுத்தீங்க?"

"ஸ்டூடியோவுல இருக்கிற பொடியன்தான் சொன்னான். பொட்டு இல்லாட்டி தமிழ்னு தெரியாது, செக்பொயின்ட்ல கரச்சல் இல்லன்னு. படம் ரெடியானதும் சொல்றேன்னு போன் நம்பரையும் வாங்கிக்கிட்டான். அதுக்கப்புறம் ரெண்டு மூணு தரம் போன் பண்ணினான். நான் ஏசிட்டு வச்சுட்டேன்."

அடையாள அட்டை இல்லாமல் டவுனுக்கு வர முடியாத காலம் அது. சட்டம் கேட்டது என்பதற்காகத்தான் அவள் அந்தக் கமெராவின் முன்னால் உட்கார்ந்தாள். அதே சட்டத்திடம் உதவி கேட்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, தந்தையையும் அழைத்துக்கொண்டு நாங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம்.

பொறுப்பதிகாரி மரியாதையாகவே பேசினார். "இது எங்கே நடந்தது, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இணையத்தில்."

"அது எந்தப் பொலிஸ் பிரிவு?"

கேலி என்றால் சண்டை பிடித்திருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார். "பஸ்ஸில் இவளுடைய கையைப் பிடித்தான் என்று சொல்லுங்கள், இப்பவே அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். இந்த உடம்பு இவளுடையது இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் யாருக்கு என்ன நடந்திருக்கிறது?"

அதற்குள் அந்தத் தாள் பக்கத்து மேசைக்குப் போய், அங்கிருந்து அடுத்த மேசைக்குப் போயிருந்தது. சிரித்துக்கொண்டு பார்த்த ஒருவனின் கையிலிருந்து அதைப் பறித்தேன். "கவனம் மிஸ், இப்படியான படத்தை வைத்திருப்பதே குற்றம்" என்றான் அவன். ஆபாசப் பிரசுரத்துக்கு எதிரான பழைய சட்டம் அவனுக்கு நினைவிருந்தது. அதை எங்கள் மீது பாய்ச்சலாம் என்பதும் தெரிந்திருந்தது.

பிறகு அதிகாரி, "இந்த சிம் யாருடைய பெயரில் இருக்கிறது?" என்று கேட்டார்.

அவள் ஒளிக்கவில்லை. "சின்னம்மா மகன் பேர்ல. வவுனியாவுல கடையில வேல செய்றான்."

போர்முனைக்குப் பக்கத்து ஊரான வவுனியாவின் பெயர் விழுந்ததுதான் தாமதம், நாற்காலிகள் நகர்ந்தன. அவன் எப்போது அங்கே போனான், வடக்கிலிருந்து யார் பேசுகிறார்கள், அந்தத் தெரியாத அழைப்புகள் யாருடையவை என்று அடுக்கடுக்காகக் கேட்டார்கள். இதுவரை அந்த அழைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர்கள் இப்போது ஒவ்வொன்றையும் எழுதினார்கள். படத்துக்குப் பிரிவு தேடிக் களைத்துப்போன அதிகாரிக்கு சிம் அட்டைக்கான பிரிவு விரல் நுனியில் இருந்தது. முறைப்பாடு கொடுக்க வந்தவளைப் பின்னேரம்வரை வாங்கில் உட்காரவைத்து விசாரித்தார்கள். தந்தை வாசலில் நின்றார். எத்தனையோ தரம் அந்தப் பொலிஸ் நிலையத்தின் படியேறியிருக்கிறேன். அன்றைக்குப்போல ஒருநாளும் எனக்குக் கோபம் வந்ததில்லை. புதிய தொழில்நுட்பம் சட்டத்துக்கு விளங்காது என்று யார் சொன்னது? எங்களைப் பிடிப்பதற்கென்றால் அது நன்றாகவே விளங்கியது.

நான் பிடிவாதமாக நின்றதால் அவளையும் விட்டார்கள், முறைப்பாட்டையும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் வழக்கு நகரவில்லை. கணினியில் இருப்பதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று பழைய சட்டமொன்று இருந்தது. எங்கள் ஊர் நீதிமன்றத்தில் யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்தது என்று அதற்குப் பொறுப்பானவர் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தப் பக்கம் எந்த நாட்டு இயந்திரத்தில் இருந்ததோ! அதற்குப் பொறுப்பானவரை இரத்தோட்டை பஸ்ஸில் ஏற்றி வரவா முடியும்?

அந்த நாட்களில்தான் கணினிக் குற்றங்களுக்கென்றே புதிய சட்டம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கொழும்புக்குப் போய்ப் பிரதியொன்று வாங்கிவந்தேன். திரும்பி வரும்போது ரயிலிலேயே வாசித்தேன். அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைந்தால் தண்டனை. அதிலுள்ள தகவலை மாற்றினால் தண்டனை. திருடினால் தண்டனை. ஒரு பெண்ணின் முகத்தை எடுத்து அந்தக் கணினி வழியாக ஊருக்கெல்லாம் காட்டினால்? ஒன்றுமில்லை. மாத்தளைக்கு முன்னால் வரும் உக்குவளை ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் இரண்டாம் முறையும் வாசித்துவிட்டேன். இயந்திரத்தின் மானத்தைக் காப்பாற்ற அவ்வளவு பிரிவுகள் எழுதிய கைகளுக்கு அவளுக்காக ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

வழியைத் திறந்துவிட்டவர் ஸ்டூடியோவின் சொந்தக்காரர். டவுனில் எல்லோருக்கும் தெரிந்த முஸ்லிம் பெரியவர். விஷயம் காதில் விழுந்து, தானாகவே என் அலுவலகத்துக்கு வந்தார்.

"அந்தப் பொடியன் கடைக்கு வாறதில்ல. ஆனா மெஷின் கடையிலதான் ஈக்கிது. அவன் வெட்டி ஒட்டினதெல்லாம் அதுக்குள்ள கிடக்கு. நான் ஒண்டையும் அழிக்கல்ல."

"கோர்ட்டில் வந்து சொல்வீங்களா? கடையின் பெயர் கெட்டுப்போகும்."

"எங்கள நம்பித்தானே மிஸ் முகத்தக் காட்டுறாங்க? நாளைக்கு அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணுமே."

தேடிய இயந்திரம் இரண்டு தெரு தள்ளியே இருந்தது! அவருடைய சத்தியக் கடதாசியோடு வழக்கு எழும்பி, அந்தப் பொடியன் எதிரியாகக் கூண்டில் ஏறினான். எதிரியின் சட்டத்தரணி, படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான், கமெராவின் முன்னால் அமர்ந்தவருக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அழகாக வாதாடினார். "முகம் யாருடையது, ஐயா?" என்று நீதவான் கேட்டார். அதற்கு மேல் வழக்கை இழுக்காமல் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டித்தது கணினியைக் கனவிலும் காணாத பழைய தண்டனைச் சட்டக்கோவைதான், தொல்லை கொடுத்த சிறு குற்றத்துக்காக. தண்டப்பணம், ஒத்திவைத்த சிறைத்தண்டனை. அன்று மத்தியானமே அவன் வீட்டுக்குப் போனான்.

பாதிக்கப்பட்டவளின் சார்பில் எழுந்து, படத்தை இணையத்திலிருந்து அகற்ற உத்தரவிடும்படி கேட்டேன். நீதவான் இல்லையென்று தலையை ஆட்டினார். "அதற்கு எனக்கு அதிகாரம் தரும் பிரிவைக் காட்டுங்கள்." அப்படியொரு பிரிவு எந்தச் சட்டத்திலும் இருக்கவில்லை.

பாடசாலையில் இதற்கிடையே பெற்றோர் கூட்டம் போட்டார்கள். வேறு தோட்டத்துக்கு மாற்றம் வாங்கிப் போனால் அவளுக்கும் நல்லதுதானே என்று அதிபர் சொல்லியிருக்கிறார். அவள் எழுந்து பேசியதைத் தந்தைதான் வந்து சொன்னார். அன்றைக்குத்தான் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"'படத்துல இருக்கிற மொகம் என்னோடது. அத நான் ஒளிக்க மாட்டேன். அந்தப் படத்தப் பாத்தவங்க வெக்கப்படணும், நான் ஏன் போகணும்?'னு கேட்டுச்சிங்க மிஸ்."

அவள் போகவில்லை. மறுநாள் அதே வகுப்புக்குப் போனாள்.

அந்தப் பக்கத்தை நடத்தியவர்களுக்கு நான் பல தடவை எழுதினேன். பதில் வரவில்லை. படம் வேறு பக்கங்களுக்கும் பரவியிருந்தது. புதிய சட்டம் வந்ததைக் கொண்டாட கண்டியில் சட்டத்தரணிகளுக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். நானும் போனேன். நாடு நவீன யுகத்துக்குள் நுழைந்துவிட்டதாக மேடையில் ஒருவர் சொன்னார். கேள்வி நேரத்தில் எழுந்து, இந்தச் சட்டத்தில் மனிதருக்கு எந்தப் பிரிவு என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குப் போனார்கள்.