ஏழாம் நம்பர் மலைக்குத் திருப்பிய ஹோர்ன்

அன்று கோயில் மேடையில் பாடகர் இருந்தார், மிருதங்கக்காரர் இருந்தார், வயலினோடு நான் இருந்தேன். கீழே பாயில் பூசாரி, கமிட்டித் தலைவர், வேலையை விட்டு நின்ற வயதானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அம்மா இல்லை.

ஸ்பிரிங்வெளியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா. கடைசி நாள் மட்டும்தான் தோட்டத்துக்கு லீவு. அந்த நாளை பண்டாரவளை இசைக்குழு ஒன்று பிடித்துக்கொண்டது. எங்களுக்குக் கிடைத்தது முதல் நாள் காலை பத்து மணி. அம்மா மலையில் கொழுந்து பறிக்கும் நேரம்.

"ஒரு நாள் வேலைக்குப் போகாம நில்லும்மா" என்று முந்தின ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"திருவிழா மாசம். பேரு கொறையக் கூடாது தம்பி. அடுத்த தடவ பாப்போம்."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ பறித்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப் பேர்.

அம்மா சொல்லும் அடுத்த தடவை மூன்று வருடமாக வரவில்லை. யாழ்ப்பாணத்தில் வயலின் படித்துவிட்டு வந்து, பதுளையில் ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியராக இருக்கிறேன். ஹாலிஎலவில் வாடகை அறை. டவுன் கச்சேரிகள் முடிவதற்குள் தோட்டத்துக் கடைசி பஸ் போய்விடும். ஒவ்வொரு மேடையிலும் சுருதி சேர்த்துக்கொண்டே முன்வரிசையைப் பார்ப்பேன். வரமாட்டாள் என்று தெரியும், ஆனாலும் பார்ப்பேன்.

அவள் கேட்டதெல்லாம் விடுமுறையில் லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், நான் செய்யும் சாதகம் மட்டும்தான். வயலின் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, சாதகம் பாட்டு ஆகாது. வராத இடத்தை வரும்வரை வாசிப்பது அது. காம்போதி ராகத்தில் மேலே ஏறும் ஒரு ஸ்வரப் பிடி எனக்கு மாதக்கணக்கில் வழுக்கியது. அங்கே போவேன், நிறுத்துவேன், திரும்பத் தொடங்குவேன்.

"ஏன் தம்பி, அந்த எடம் வந்தாலே நின்னுருது? அதுக்கு மேல பாட்டே இல்லையா?" என்பாள் அம்மா.

பக்கத்துக் காம்பராவிலிருந்து செல்லம்மா மாமி சுவர் வழியாகவே பதில் சொல்வார்: "இருந்தா வாசிக்க மாட்டானா? பாவம், புள்ளைய விடு."

ஆகவே ஒரு யோசனை செய்தேன். அந்த வாரம் முழுக்க ஏழாம் நம்பர் மலையில்தான் வேலை என்று அம்மா சொல்லியிருந்தாள். திருவிழாவன்று காலை ஹாலிஎலவில் முதல் பஸ் பிடித்து நேரே கோயிலுக்கு வந்து, மைக்செட் கட்டிக்கொண்டிருந்த பாரூக் நானாவிடம் கேட்டேன்.

"நானா, சவுக்கு மரத்துல கட்டுன ஹோர்ன் ஸ்பீக்கர ஏழாம் நம்பர் பக்கம் திருப்புங்க."

"சனம் இங்கன இருக்கு, மாஸ்டர். தேயிலைக்கா கச்சேரி?"

"எங்கம்மா அங்க இருக்காங்க."

அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். மரத்தில் ஏறினார்.

பனி இறங்கி வில்லின் முடி தளர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு தடவை முறுக்கினேன். பாடகர் காம்போதி பாடி நிறுத்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வயலின் தனியாக ராகம் வாசிக்கும் முறை. அந்தப் பிடி வந்தது. வழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு வாசித்தேன்.

கச்சேரி முடிந்து விபூதி வாங்க வந்த ஒரு கங்காணியிடம், "ஏழாம் நம்பருக்கு நல்லாக் கேட்டுச்சா மாமா?" என்றேன்.

"ஏழுலயா? அங்க இன்னைக்கு மருந்தடிக்கிறாங்கப்பா. காலைப் பெரட்டுல பேர் கூப்புட்டதுமே பொம்பளைங்கள நாலுக்கு அனுப்பியாச்சு. மொகமூடி போட்ட நாலு ஆம்பளைங்கதான் ஒன் கச்சேரியக் கேட்டிருப்பானுக."

நாலாம் நம்பர், மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவன் நான். யார் எந்த மலைக்கு என்பது அன்றன்று காலைப் பெரட்டில்தான் முடிவாகும் என்று எனக்குத் தெரியாதா? சுருதி, மைக், வில் எல்லாம் பார்த்தவன் அதைக் கேட்கவில்லை. தோட்டத்தில் வாசிக்கப் போகிறவர்கள் அதை முதலில் கேளுங்கள்.

வயலினை உறையில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போய் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். ஐந்து மணிக்கு வந்தாள். வேலைக்கு இடுப்பில் சுற்றும் படங்குச் சேலையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"பள்ளத்துல ஒண்ணும் சரியாக் கேக்கல. கூடையோட மேட்டுக்கு ஏறிட்டேன்."

"மேட்டுக்கா? வேலை?"

"நாலாம் நம்பர் கங்காணி கீழேருந்து கத்துனாரு. கத்தட்டும்னு நின்னேன். நீ இங்கன நின்னு நின்னு போவியே, அந்த எடம் வந்துச்சு. நிக்கல தம்பி. மேல போச்சு." படங்கை உதறிக் கொடியில் போட்டாள். "அப்புறம் காத்து மாறிருச்சு. மிச்சம் கேக்கல. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன்."



"கிலோ?" என்று கேட்டேன்.

அம்மா முகம் கழுவப் போய்க்கொண்டே சொன்னாள்: "அரைப் பேரு."