கடைசித் தையல்

கல்கத்தாவின் டாலிகஞ்ச் ஸ்டுடியோவுக்குள் பலகைகளால் ஒரு பாய்மரக் கப்பலைக் கட்டியிருந்தார்கள். படத்தில் வரும் கப்பல் வைத்தியரின் கைகளை அருகிலிருந்து காட்ட நிஜ வைத்தியர் ஒருவர் வேண்டும் என்றான் இயக்குநர் சந்தீப். அங்கே உடையலங்காரம் பார்க்கும் மாதங்கி, லேக் கார்டன்ஸிலிருந்து தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கையை மட்டும்தாம்பா எடுக்கப் போறா. ஷேவ்கூட பண்ணிக்க வேண்டாம்."

டாக்டர் வெங்கடநாராயணன் இளமையில் கிடர்பூர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு புயலின்போது இன்ஜின் அறையில் வேலை பார்த்த ஜெயபிரகாஷ் அசைவில்லாமல் கிடந்தான். கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஸ்டெதாஸ்கோப்பில் இரும்பு அதிர்வதுதான் கேட்டது. கழுத்தைத் தொட்டுப் பார்த்து, போய்விட்டான் என்றார். பிணத்தை வைக்கக் குளிரறை பழுது, பயணிகளிடம் பீதி. அன்று சாயங்காலமே அவனைக் கான்வாஸில் தைத்துக் கடலில் இறக்கினார்கள். பலகையிலிருந்து சரியும்போது துணி அசைந்தது. காற்றா, அவனா?

அதன்பின் தூங்குகிறவர்களைக் கண்டால் அவர் விரல்கள் கழுத்துக்குப் போய்விடும். மனைவி கிருஷ்ணம்மாள் மத்தியானத் தூக்கத்தில் கண்ணைத் திறக்காமலே சொல்வாள்: "நான் இன்னும் போகலை. போய்க் காப்பியைக் குடிங்கோ."

அவள் பதில் சொல்லாத மத்தியானமும் ஒன்று வந்தது.

செட்டில் ஒரு நடிகன் பிணமாகப் படுத்திருந்தான். கான்வாஸை முகம்வரை தைத்திருந்தார்கள்.

"அந்தக் காலத்துல கடைசித் தையலை மூக்கு வழியாப் போடுவாங்களாம், டாக்டர்பாபு. உயிர் இருந்தா கத்திடுவான் இல்ல?" என்றான் சந்தீப். "நிஜமாவே குத்திடாதீங்க. இவனுக்கு அடுத்த வாரம் கல்யாணம்."

எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடநாராயணன் சிரிக்கவில்லை. அந்தக் கப்பல்களில் வைத்தியரை நம்பாமல் ஊசியை நம்பியிருக்கிறார்கள். அவர் கப்பலில் அவரை நம்பினார்கள்.

'ஆக்‌ஷன்' என்றதும் ஊசி மூக்கருகே போய் நின்றது. இடக்கை தானாகக் கான்வாஸுக்குள் நுழைந்து கழுத்துக்கு இறங்கியது. மூச்சடக்கிக் கிடந்தவனின் நாடி விரலடியில் துடித்தது.

"கட்! என்னாச்சு டாக்டர்பாபு?"

"இவன் இருக்கான்."

ஊசிமுனையால் தையல்களை அவசரமாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அப்பா, அது நடிப்புப்பா! விடுங்கோ."

கான்வாஸ் விலகியது. நடிகன் எழுந்து உட்கார்ந்து கூச்சத்தோடு சிரித்தான். டாக்டர் அவன் கன்னத்தைத் தொட்டு, ஜெயபிரகாஷிடம் பேசிய அதே இந்தியில் கேட்டார்:

"தண்ணி ரொம்பக் குளிரா இருந்ததா, பேட்டா?"