தேர்வு வாசலில் ஓர் அரிவாள்

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கு எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேரைப் பதிந்திருந்தோம். இரண்டு பையன்கள், ஒரு பெண். கணக்கில், நான் பாடம் எடுக்கும் வகுப்பில் அவளுக்கு இணை இல்லை. தேர்வு நெருங்கும்போது அவள் வயதுக்கு வந்துவிட்டாள். தொண்டூரில், வீட்டுப் பின்புறம் கீற்றுத் தடுப்புக்குள் உட்கார வைத்துவிட்டார்கள்.

போய்ப் பேசினேன். அவளுடைய நைனா, அவள் அம்மாவைக் கை காட்டினார்.

"தண்ணி ஊத்தாம எப்படி டீச்சர் வெளிய அனுப்பறது? அந்தப் பசங்க போறானுங்களே, போதாதா?" என்றார் அம்மா.

தடுப்புக்குள்ளிருந்து குரல் வந்தது: "அவனுங்களுக்கே நான்தாம்மா கணக்கு சொல்லித் தரேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் காத்து கருப்பு அண்டாமலிருக்க இரும்பு மகளின் கையிலேயே இருக்க வேண்டும். தானும் கூட வருவேன் என்றார். நானும் தலையாட்டினேன். தேர்வறைக்குள் உலோகம் கூடாது என்ற விதியைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

செஞ்சியில் தேர்வு மையத்து வாசலில் நின்ற காவலாளி, அவள் துண்டில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், பரீட்சை எழுத வந்தீங்களா, கதிர் அறுக்க வந்தீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. "பாவம்தான். ஆனா இதோட உள்ள விட முடியாது."

பையன்கள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்கள். அரிவாளுக்குப் பதில் இந்த இரும்பாவது இருக்கட்டுமென்று என் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினேன். அதற்கும் அவர் கூடாதென்று தலையை ஆட்டினார். அம்மாவோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாடி, வூட்டுக்குப் போலாம்." மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

முதல் மணி அடித்தது. இரண்டாவது அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அவள் அழவில்லை. அரிவாளை அம்மாவிடம் நீட்டினாள். "என்னைப் பெத்தவ நீதானே? நீ புடிச்சிகினு இங்கயே நில்லு. எது வந்தாலும் உன்னத் தாண்டித்தானே உள்ள வரணும்?"

அம்மா அரிவாளை வாங்கிக்கொண்டார். மணிக்கட்டை மட்டும் விடவில்லை. காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நவுராம நிப்பேன்," என்றார் அம்மா. அதன் பிறகுதான் விரல்கள் தளர்ந்தன.

அவள் ஓடினாள். இரண்டாவது மணி அடித்தது. நிழலுக்கு வரச்சொல்லி நான் கூப்பிட்டும், தேர்வு முடியும்வரை அம்மா வாசலைவிட்டு வரவில்லை.