பதினெட்டு அடி ஹால்

என் கணவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, நான் உத்திரத்துக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சக்காரி என்று தோன்றலாம். எனக்கு அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. கணக்கு மட்டும் வந்தது.

அவர் கனடாவில் மரவீடு கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். திருவிடைமருதூர் பக்கத்தில் அவருடைய அம்மாவுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீடு சுவரோடு நின்றது. கான்கிரீட் வேண்டாம், மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டி ஆலையில் செய்யும் மர உத்திரங்களின் மேல் மாடித் தரை போடலாம் என்பது அவர் யோசனை. ஹால் பதினெட்டு அடி அகலம். நடுவில் தூணே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். தஞ்சாவூரில் நானும் ஒரு கட்டடப் பொறியாளர்தான் என்பதெல்லாம் அவரிடம் செல்லாது.

"ஒன்ன விட்டா கோழிக்கூண்டுக்கும் நாலு தூண் வெப்ப" என்று வீடியோ காலில் சிரிப்பார்.

உத்திரத்தின் கனம், எவ்வளவு நெருக்கமாகப் போடுகிறோம், மேலே என்ன பாரம் வரும் என்று பார்த்தால், சுவருக்குச் சுவர் எத்தனை அடி விடலாம் என்பதை ஆலையின் அட்டவணையே சொல்லிவிடும். அவர் தேர்ந்தெடுத்திருந்த உத்திரத்துக்குப் படுக்கையறை என்ற வரிசையில் பதினெட்டரை அடி போட்டிருந்தது. வரைபடத்தில் மாடி அறைக்கு அவர் எழுதியிருந்ததும் படுக்கையறைதான். சரி, இந்த ஒரு தடவை அவர் ஜெயித்தார் என்று நினைத்துக்கொண்டேன். நான் கையெழுத்துப் போட்டால் ஆலையில் அறுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அதற்கு முன் ஒருமுறை அளந்துவிடலாம் என்று டேப்போடு போனேன். என் மாமியார் கூரையில்லாத ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மாடி வந்துட்டா சம்பா அறுப்புக்குக் கவலயில்ல. ஈரமா இருக்குன்னு கொள்முதல்ல திருப்பி அனுப்புனா, மூட்டய மேல அடுக்கிடலாம்" என்றார்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன். "எத்தன மூட்டை அத்தை?"

"எப்பவும் போல எம்பது."

மூட்டைக்கு அறுபது கிலோ வைத்தாலும் கிட்டத்தட்ட ஐந்து டன். சரக்கு அடுக்கும் அறைக்கு அட்டவணையில் வேறு வரிசை. அதே உத்திரத்துக்கு அங்கே பன்னிரண்டு அடிதான். மரம் சட்டென்று முறிந்துவிடாது. வாரக்கணக்கில் பாரம் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும், ஒருநாள் தாங்காமலும் போகும். அதற்கு நேர் கீழேதான் அத்தையின் கட்டில் வரப்போகிறது. மாடியில் நெல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். மழை தூறும்போது அதை யார் கேட்கப்போகிறார்கள்?

"நடுவுல ஒரு தூண் வேணும் அத்தை."

"அவன் ஆசப்பட்டது அது ஒண்ணுதான். செத்தவன் பேச்சயும் தள்ளுவியா?"

"தள்ளுவேன்" என்றேன்.

என் கணவர் மேல் கோபம் வந்தது. இத்தனை நாளில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான். பழைய வீட்டில் நெல்மூட்டைகளுக்கு நடுவே படுத்து வளர்ந்தவர், அத்தனை தூரத்தில் உட்கார்ந்து படுக்கையறை என்று எழுதியிருக்கிறார். எதிரில் இருந்திருந்தால் வரைபடத்தை முகத்தில் எறிந்திருப்பேன். பஸ் ஏறுவதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. ஹாலின் நடுவில் ஒரு மரத்தூண், அதன் மேல் குறுக்கே கனமான உத்திரம் என்று மாற்றி, பதினெட்டை ஒன்பதாக்கிக் கையெழுத்துப் போட்டேன். அத்தை மாதக்கணக்கில் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

தலைத்திவசம் முடிந்த பிறகு, யாரையும் அழைக்காமல் பால் காய்ச்சினோம். அவருடைய படத்தை எடுத்துக்கொண்டு அத்தை நான்கு சுவர்களையும் சுற்றி வந்தார். கடைசியில் தூணின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்கதான் எங்கேர்ந்து பாத்தாலும் தெரிவான். ஆணி அடிச்சா தூணுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆவாது அத்தை."

அத்தை ஆணி அடித்து முடிக்கும் வரை படத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி, சட்டம் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோகூட இல்லை.