விதைக்கு ஆகாத சூடு

தாடிக்கொம்பு தாண்டி, சாலையை விட்டுச் சற்று உள்ளே இருந்தது அந்தத் தகர ஷெட். காய்கறி விதைகளைத் தரம் பிரித்துப் பாக்கெட் போடும் இடம். ஒரு பாதியில் விதை மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். மறுபாதியில் முப்பது பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து விதை பொறுக்குவார்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவி.

சித்திரையில் அந்தக் கூரைக்குப் பஞ்சு ஊத எங்களைக் கூப்பிட்டபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பழைய காகிதத்தை அரைத்துச் செய்த பஞ்சு அது. இயந்திரத்தில் கொட்டினால் குழாய் வழியே காற்றோடு போய், கூரைத் தகரத்துக்கும் அதன் அடியில் அடித்திருக்கும் உள்கூரைக்கும் நடுவே நிரம்பும். நிரம்பிவிட்டால் வெக்கை கீழே இறங்காது. கோடையில் அவள் வீட்டுக்கு வந்ததும் முதலில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். பேச்சு அதற்குப் பிறகுதான்.

முதலாளி, மூட்டைகள் இருந்த பாதியை மட்டும் காட்டினார்.

“அந்தப் பக்கம், சார்?” என்று கேட்டேன்.

“வெதைக்குச் சூடு ஆகாதுப்பா. மொளைப்பு போயிரும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் யாருக்காகக் கேட்டேன் என்பதே அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் வேலை. நான் சாரத்தின் மேல் நின்று, உள்கூரையில் போட்ட துளையில் குழாயைச் செருகிப் பிடிப்பேன். கீழே ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் பஞ்சு மூட்டைகளைப் பிரித்து இயந்திரத்தில் கொட்டுவார். முகமூடியையும் மீறித் தூசு தொண்டையில் ஒட்டும். குழாய் கையில் விறைத்துத் துடித்தால் அந்த இடம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். துளையை மூடியால் அடைத்துவிட்டு அடுத்த துளைக்கு நகர வேண்டும்.

கடைசி நாள் ஆறு மூட்டை பஞ்சு மிஞ்சியது. பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போயிருந்தார்கள். முதலாளியும் இல்லை. சாரத்தை மறுபாதிக்குத் தள்ளினேன்.

“ஏனுங்க, இது நமக்கு வேணுங்களா?” என்றார் ஒட்டன்சத்திரத்துக்காரர்.

“கொட்டுங்கண்ணே.”

ஆறு மூட்டைக்கு எவ்வளவு இடம் நிரம்பிவிடும்? என் மனைவி உட்காரும் வரிசைக்கு மேலே மட்டும் ஊதினேன். வேறு யார் தலைக்கு மேல் ஊதலாம் என்று யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். சிரித்தாள். இரண்டு நாள் கழித்து, “இன்னைக்குத் தல கொதிக்கல” என்றாள். ஒரு வாரம் அப்படிப் போனது.

பிறகு மற்றவர்கள் உள்கூரையில் இருந்த மூடிகளைக் கவனித்துவிட்டார்கள். அந்த வரிசையில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு. “ஒம் புருசன் ஒனக்கு மட்டும் நெழல் போட்டாராக்கும்” என்று கேட்டவள், பத்து வருஷமாக என் மனைவியோடு ஒரே பஸ்ஸில் போய்வந்தவள். சத்தம் கேட்டு வந்த முதலாளி அந்த இடத்தில் செத்த நேரம் நின்று அண்ணாந்து பார்த்தாராம். யாரையும் திட்டவில்லையாம். மறுநாள் அங்கே விதை மூட்டைகள் ஏறியிருந்தன. அந்த வரிசையை மேற்குச் சுவரோரம் போகச் சொல்லிவிட்டார். பிற்பகல் வெயில் முழுக்க அந்தத் தகரச் சுவரில்தான் அடிக்கும்.

அன்று அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை. வந்ததும் பேசினாள்.

“ஒங்கள யாரு கேட்டது?”

“ஒனக்காகத்தான செஞ்சேன்.”

“முன்னாடி எல்லாருக்கும் ஒரே சூடு. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லல. இப்ப எங்கூட ஒருத்தியும் பேச மாட்டேங்கிறா.”

முதலாளியைத் திட்டினேன். அவள் அதைக் கேட்க நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போதும் அவள் அங்கேதான் வேலைக்குப் போகிறாள், மற்றவர்கள் ஏறுவதற்கு முந்தின பஸ்ஸில், தனியாக. அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஷெட்டுகளில் பஞ்சு ஊதிவிட்டேன். சொன்ன இடத்தில் மட்டும் ஊதுகிறேன். மிஞ்சுவதைக் கட்டி வண்டியில் ஏற்றிவிடுகிறேன்.