முதல் வரிசைச் சவுக்குகளும் எங்கள் நாயும்

பழைய நாட்காட்டித் தாளொன்றின் பின்புறத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “1969 தை, போயா. பின்னேரம் மூவரும் நாயும் சவுக்கங்காட்டுக்கு. நாய் இன்னுமொரு கன்றைக் கிளப்பிவிட்டது. காவற்காரரின் கடைசி எச்சரிக்கை.” போயா என்று குறித்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வரவில்லை; சந்திரனைப் பார்த்துப் போயா நாளில் வந்தது.

காடு என்பது அப்போது மரியாதைக்குச் சொன்ன பெயர். பருத்தித்துறைக்குக் கிழக்கே, நான் ஆசிரியராக இருந்த கடற்கரை ஊரில், காற்றோடு ஊர்ந்து வரும் மணலைத் தடுப்பதற்காகச் சவுக்கங்கன்றுகளை வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். மிக உயர்ந்த மரம் என் ஏழு வயது மகளின் தோள்வரை வந்தது. நிழல் வேண்டுமென்றால் கன்றின் அடியில் படுக்கவேண்டும். நாய் மட்டும் அப்படிச் செய்தது.

எங்கள் பக்கத்தில் கயிறு மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரியது. நாய் வீட்டு வளவுக்குக் காவல். தானாக எழும்பித் தானாக உலாத்தும். அதை ஆட்டுக்கயிற்றில் கட்டி, மகள் முன்னே பிடித்துப் போக, நாங்கள் இருவரும் பின்னால் போனது ஊருக்குப் புதினமான காட்சி. பக்கத்து வீட்டு அக்கா படலை வாசலில் நின்று கேட்பார்:

“என்ன மாஸ்ரர், நாயை விக்கவோ கொண்டு போறியள்?”

“இல்லை அக்கா, உலாத்தக் கொண்டு போறம்.”

“பாத்தால் நாய்தான் உங்களை உலாத்துது போல கிடக்கு!”

அந்தக் கேலி என் மனைவிக்கு உறைக்கவில்லை. அவள் நீர்வேலியில் வாழைத் தோட்டத்தினுள் ஓடித் திரிந்து வளர்ந்தவள். திருமணமாகி வந்த ஊரிலோ கோயில், கலியாண வீடு, செத்த வீடு தவிர ஒரு பெண் சும்மா நடந்து போவதற்குக் காரணம் கிடையாது. நாய் அந்தக் காரணமாயிற்று. “அதுக்கு நடக்க வேணுமாம்” என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. மணலில் கால் வைத்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மகளோடு ஓடுவாள். அவள் ஓடி நான் பார்த்தது அங்கேதான்.

ஆகவே அந்த எச்சரிக்கை எங்களுக்குச் சிறிய விஷயமல்ல. காவற்காரர் முன்பு கரைவலை இழுத்தவர், நல்ல மனிதர். கயிற்றில் வரும் நாய்க்குத் தடையில்லை என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் கடலைப் பார்த்த முதல் வரிசைக்கு வந்தால் போதும், நாய் கயிற்றை இழுத்துப் பறித்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு கன்றின் அடியைத் தோண்டும். மற்ற வரிசைகளை அது திரும்பியும் பார்ப்பதில்லை.

“மாஸ்ரர், உது மூண்டாவது கண்டு. இனி ஒண்டு போச்செண்டால் நாய் வேலிக்கு வெளியிலைதான். சொல்லிப்போட்டன்.”

“நாய் வராட்டி நானும் வரன்” என்றாள் மகள். மனைவி சேலைக்கரையிலிருந்த மணலை மெதுவாகத் தட்டினாள்.

நான் புத்தகங்களைப் புரட்டினேன். நண்டு வளை, எலிப் பொந்து, பாம்பு என்று மூன்று விளக்கங்கள் கண்டுபிடித்து இரவுச் சாப்பாட்டின்போது விரிவாகச் சொன்னேன். அடுத்த போயாவன்று கயிற்றை என் மணிக்கட்டிலேயே சுற்றிக்கொண்டேன். முதல் வரிசையில் நாய் ஓர் இழுவை இழுத்தது. நான் முழங்காலில் விழுந்தேன். மகள் சிரித்தாள். காவற்காரர் பூவரசந் தடியோடு ஓடிவந்தார்.

என்னைத் தூக்கிவிடக் குனிந்த மனைவி அப்படியே நின்றாள். “இஞ்சாருங்கோ, இஞ்சை மீன் மணக்குது.”

“கடற்கரையிலை மீன் மணக்காமல் மல்லிகைப்பூவோ மணக்கும்?” என்றார் காவற்காரர். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் வளர்ந்தவன் நான். அவளோ சைவம், எந்த வீட்டில் என்ன மீன் கொதிக்கிறது என்று ஒழுங்கையில் நின்றே சொல்லிவிடுவாள்.

“கடலிலை இருந்து வரேல்லை, அண்ணை. உந்தக் கண்டுக்குக் கீழை இருந்து வருது.”

காவற்காரரின் தடி தாழ்ந்தது. அதற்குள் நாய் தோண்டி முடித்து ஒரு சூடை மீன் தலையை வாயில் கவ்விக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பார்க்கும்படி நின்றது.

“தென்னம்பிள்ளைக்கு மீன் வைக்கிறனாங்கள்தானே, தங்கச்சி” என்றார் அவர் கடைசியில். “வெறும் மணலிலை பச்சைப் பிள்ளையள் என்னத்தைத் தின்னும்? மேலிடத்தாக்கள் வந்தால் முதல்லை பாக்கிறது இந்த வரிசை. அதுதான் கரைவலையிலை மிஞ்சினதைக் கொண்டுவந்து மணலுக்குள்ளை தாட்டன்.”

“நல்லாயிருக்கு! விருந்தும் வைச்சுப்போட்டு, வந்த விருந்தாளிக்குத் தடியும் தூக்கிறியளோ?” என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு அடங்க நெடுநேரம் சென்றது. மனைவி கன்றைத் திரும்ப நிறுத்தி, வாழைக்குட்டிக்குச் செய்வதுபோல அடிமணலைக் குதிக்காலால் மிதித்து இறுக்கினாள். அவர் தோண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார். மீன் புதைப்பதை நிறுத்துவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நாய்க்கு விடுத்த எச்சரிக்கை நீங்கியது. அதன்பின் பக்கத்து வீட்டு அக்காவும் எங்களோடு வரத் தொடங்கினார். “நாய்க்குத் துணை” என்று சொல்லிக்கொண்டார்.

1973இல் எனக்கு மாற்றம் வரும்வரை அந்த நடை தொடர்ந்தது. 1980இல் மூவரும் திரும்பப் போனபோது காடு உண்மையிலேயே காடாகியிருந்தது. கடற்காற்றை முதலில் வாங்கும் வரிசை கட்டையாக இருக்கவேண்டும். அதுவோ இரண்டாம் வரிசையைவிட உயர்ந்து பருத்து நின்றது. மனைவி குனிந்து மோந்து பார்த்தாள், ஒரு மணமும் இல்லை. ஓய்வுபெற்றிருந்த காவற்காரரிடம் நேரே கேட்டேன். அவர் நாயைப் பற்றி விசாரித்தார். மகள் பதில் சொல்ல, கதை வேறு பக்கம் போய்விட்டது. நாங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு அவர் மறுபடி மீன் தாட்டாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.